காயிலுக்கு ஏ.எம்.சி. கிடையாது

குடிநீர் மெஷினுக்கு ஃபில்டர் மாற்றும் நாள் நெருங்கினால் ஏ.எம்.சி., அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், போட்ட கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்கிறார். எடுக்காவிட்டால் மறுநாளும் செய்கிறார். ஏ.சி. சர்வீஸ்காரர் மாசி பிறந்ததுமே வாட்ஸ்அப்பில் வணக்கம் வைத்துவிடுகிறார். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய்க்கும் ஐந்து வருடக் கெடு இருக்கிறது. சோதனைக்கு வருபவர் குனிந்து பார்த்து, 'மாத்திடுங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போகிறார். என் கர்ப்பப்பைக்குள் ஐந்து வருடமாக இருந்த ஹார்மோன் காயிலைப் பற்றித்தான் ஒருவரும் போன் செய்யவில்லை.

ஞாபகப்படுத்தியது ரத்தம். தி.நகர் பாண்டி பஜாரில், அகலமாக்கிய நடைபாதையில் போட்டிருக்கும் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து தங்கையின் ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருடமாகப் பேடு வாங்கும் பழக்கமே விட்டுப்போனவள், அன்று எதிரில் இருந்த மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து பழைய ஃபைல்களைக் கொட்டித் தேடியதில், ஸ்கேன் படங்களுக்கு நடுவில் ஒரு சின்ன அட்டை. போட்ட தேதி இருந்தது. கெடு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

'காயில்' என்று எழுதினாலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் பெண்கள் சொல்லும் பெயர் மிரீனா. நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் எப்படியோ அப்படி. மிரீனா ஒரு கம்பெனியின் பிராண்டு. பின்லாந்தில் 1990-ல் முதலில் விற்பனைக்கு வந்தது. டப்பானி லூக்கைனன் என்ற பின்லாந்து மருத்துவரின் பல வருட உழைப்பு அதில் இருக்கிறது. நம் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேரும் 'எமிலி' என்ற பெயரில் இதே வகையைத் தருகிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்று நீளமான, 'டி' வடிவப் பிளாஸ்டிக் குச்சி. அதன் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். ஆரம்பத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசியும். ஐந்தாம் வருடம் முடியும்போது அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மாத்திரையாக விழுங்கினால் உடம்பு முழுக்கச் சுற்றும் மருந்து, இங்கே பெரும்பாலும் கர்ப்பப்பையின் உள்சுவரோடு நின்றுவிடுகிறது. அந்தச் சுவர் மெலிகிறது. சுவர் மெலிந்தால் உதிர ஒன்றும் இல்லை. ஆகவே ரத்தப்போக்கும் இல்லை.

"மாசாமாசம் வெளியே போக வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்று என்னிடம் கவலைப்படாத மாமி கிடையாது. தங்குவதற்கு அங்கே எதுவும் சேர்வதில்லை. ஒரு வருடம் முடியும்போது ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கு முழுவதுமாக நின்றிருக்கும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம்.

வெளிநாடுகளில் இது முதலில் கருத்தடைச் சாதனம். சென்னையில் இது பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வருகிறது. நாற்பதைத் தாண்டிய பெண், மாதத்தில் பத்து நாள் ரத்தம், ஹீமோகுளோபின் எட்டு, ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவர் தடிக்கும் 'அடினோமயோசிஸ்' அல்லது சின்னதாக ஒரு ஃபைப்ராய்டு கட்டி. இரண்டு பிள்ளைகள் பிறந்து, அப்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது. "இனிமே அது எதுக்கும்மா? யூட்ரஸை எடுத்துடலாமே." இந்த வாக்கியத்தை என் வயதுப் பெண்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம் என்று ஒரு கல்யாண வீட்டில் கைதூக்கச் சொன்னால் பந்தியே நின்றுபோகும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று, 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 100-க்கு 3 பேருக்குச் சற்று அதிகமானவர்களுக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. பக்கத்து ஆந்திரமும் தெலங்கானாவும் இதில் முன்வரிசை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு. பெரும்பாலான அறுவைகள் நடந்தது தனியார் மருத்துவமனைகளில். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதை எதிர்த்து டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. எடுத்தே ஆக வேண்டிய கர்ப்பப்பைகள் உண்டு, அதில் தகராறில்லை. ஆனால் கத்தியைத் தொடுவதற்கு முன் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் இந்தக் குச்சிக்கு முக்கியமான இடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2015-ல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மாற்றும் கதைக்கு வருகிறேன். கெடு தாண்டிய ஏழு மாதத்தை நினைத்துப் பதறிக்கொண்டு போனவளிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே என்னை நிறுத்திவிட்டது: "மாத்தணுமான்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. ஃபில்டர் கெடு முடிந்தால் ஃபில்டரை மாற்றுவோம், அவ்வளவுதான் என் கணக்கு. அவர் பொறுமையாக விளக்கினார். ஐந்து வருடம் என்பது எதற்காகப் போட்டோம் என்பதைப் பொறுத்தது. கருத்தடைக்கு மட்டும் என்றால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் மிரீனாவின் ஆயுளை எட்டு வருடமாக நீட்டியிருக்கிறது. 45 வயதிலோ அதற்குப் பிறகோ போட்டிருந்தால், கருத்தடைக்காக 55 வயதுவரை அப்படியே விடலாம் என்கிறது பிரிட்டன் வழிகாட்டுதல். அதிக ரத்தப்போக்குக்காகப் போட்டவர்களுக்கு ஐந்து வருடக் கணக்கு. மெனோபாஸ் தொல்லைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டு, உள்சுவரைப் பாதுகாக்கக் காயில் வைத்திருப்பவர்கள் ஐந்து வருடத்தைத் தாண்டவே கூடாது. எனக்கு 48. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயதே 46, 47 என்ற அளவில்தான். அதனால் எடுத்துவிட்டுச் சும்மா இருந்து பார்ப்பதும் ஒரு வழி.

"ஆனா உங்களுக்கு மறுபடி ப்ளீடிங் வந்திருக்கு. மருந்து தீர்ந்துபோச்சுன்னு நாமே முடிவு கட்டிடக் கூடாது" என்றார். ஸ்கேன். ரத்தப் பரிசோதனை. உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸி. நாற்பத்தைந்துக்கு மேல், அடங்கியிருந்த ரத்தப்போக்கு திரும்பி வந்தால் இதைச் செய்யாமல் புதுக் காயிலைப் போட்டு மூடிவிடுவது சரியில்லை. கேட்காமலே இதைச் செய்யும் டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இந்த ஹார்மோன் ஆகாது.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. புதுசு போடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த இரண்டு மூன்று வருடம் மாதவிடாயோடு மல்லுக்கட்டும் தெம்பு எனக்கு இல்லை.

கூச்சப்பட்டு யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கருத்தடைக்கும் காயிலையே நம்பியிருப்பவர்கள், மாற்றும் நாளுக்கு முந்தைய ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும் அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். பழசை எடுத்த பிறகு ஏதோ காரணத்தால் புதுசு உள்ளே போகவில்லை என்றால், அந்த வாரத்தின் விந்தணுவால் கரு தங்கிவிட வாய்ப்பிருக்கிறது.

இன்னொன்று சாப்பாடு. 'ஆஸ்பத்திரி சமாசாரம்' என்றாலே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போவது நம் ஊர் வழக்கம். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால்தான் பட்டினி. ஓ.பி.யிலேயே மாற்றுவதென்றால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். கர்ப்பப்பை வாயைத் தொடும்போது சிலருக்கு நாடி சட்டென்று இறங்கித் தலை சுற்றும். வெறும் வயிறு அதற்கு உதவி செய்யும். நான் இரண்டு இட்லி, காபி, ஒரு மணி நேரம் முன்னதாக டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை என்று கிளம்பினேன்.

வரவேற்பில் ஒரு சின்ன யுத்தம். ஒப்புதல் படிவத்தில் 'கணவர் கையெழுத்து' என்று ஒரு கோடு. "சார் வரலையா?" என்றது கவுண்டர். கருத்தடை அறுவைக்கே கணவரின் ஒப்புதல் தேவையில்லை என்பது அரசின் வழிகாட்டுதல். வயது வந்த பெண் தன் உடம்புக்குத் தானே கையெழுத்துப் போட்டால் போதும். இருந்தும் பல கிளினிக்குகளில் அந்தக் கோடு இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தடை வேண்டும் என்பவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் ஆரோக்கியத்தையும் காரணம் காட்டிய காலத்தில், பெண் சுதந்திரமாக இருப்பதற்கே அது வேண்டும் என்று வாதாடியவர் பெரியார். 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில் அதற்கென்றே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார். கவுண்டரில் நின்று நான் பெரியாரைப் பேசவில்லை. கோட்டை அடித்துவிட்டுக் கீழே என் கையெழுத்தை இன்னொரு முறை போட்டேன். வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே ஒரு மேஜை, கால் வைக்க இரண்டு தாங்கிகள், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. "இடுப்பைத் தளர்வா விடுங்கம்மா" என்று சிஸ்டர் சொன்னதும் உலகத்துப் பெண்களெல்லாம் செய்வதுபோல நானும் இறுக்கினேன். ஸ்பெகுலம் வைத்து விரிக்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் தொங்கும் நூலைப் பார்க்கிறார்கள். இடுக்கியால் பிடித்து, "இருமுங்க" என்கிறார்கள். இருமி முடிப்பதற்குள் பழசு வெளியே. குச்சியின் இரு கைகளும் மேல்நோக்கி மடங்கிக்கொள்வதால் வழியில் கிழிப்பதில்லை. மாதவிடாயின் முதல் நாள் வலி ஒரு விநாடிக்கு வந்து போனது மாதிரி, அவ்வளவுதான். காட்டச் சொன்னேன். பழுப்பேறி, கிண்ணத்தில் கிடந்தது. இந்த அளவு குச்சிதான் ஐந்து வருடம் என் ஹீமோகுளோபினைக் காப்பாற்றியதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நூல் கண்ணில் படாவிட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே சுருண்டு ஏறியிருக்கும். ஸ்கேனில் காயில் இடத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, மெல்லிய கொக்கியால் இழுப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹிஸ்டிரோஸ்கோப்பி: கேமரா வைத்த குழாயைக் கீழ்வழியாகவே உள்ளே செலுத்தி எடுப்பார்கள். வயிற்றில் கத்தி படாது. என் அடையாறு தோழிக்கு அப்படித்தான் ஆனது. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். ரசம் வைத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

வலி இருக்கிறதென்றால் புதுசைப் போடும்போதுதான். கர்ப்பப்பை வாயைச் சுத்தம் செய்து, அது நகராமல் இருக்க ஒரு கொக்கியால் பிடிக்கிறார்கள். கிள்ளியது போல் இருக்கும். மெல்லிய கம்பியால் உள்ளே ஆழம் அளக்கிறார்கள். அப்போது அடிவயிற்றில் ஒரு முறுக்கு. பிறகு மெல்லிய குழாய் வழியாகக் காயில் உள்ளே போய்க் கைகளை விரிக்கும்போது இன்னொரு முறுக்கு. எனக்கு இந்த இரண்டாவதில் கண்ணில் நீர் வந்தது. கடைசியில் நூலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்குகிறார்கள். எடுத்தது, போட்டது எல்லாம் சேர்த்துச் சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிடம்.

இந்த முறுக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. சுகப்பிரசவம் கண்டவர்களுக்குக் குறைவு; சிசேரியன் மட்டுமே ஆனவர்களுக்கும், பிள்ளை பெறாதவர்களுக்கும், மெனோபாஸை நெருங்குபவர்களுக்கும் அதிகமாகலாம். "பிரசவ வலியையே தாங்கின, இது என்ன" என்று அதட்டும் பழக்கம் நம் லேபர் வார்டுகளில் தொடங்கி எல்லா மேஜைக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் திருத்திய வழிகாட்டுதலில், காயில் போடும் முன் வலியைப் பற்றி ஒவ்வொரு பெண்ணிடமும் பேச வேண்டும், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் பயன்படலாம் என்று எழுதியிருக்கிறது. 'லோக்கல் கொடுப்பீங்களா டாக்டர்?' என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பயம் மிக அதிகமென்றால் சிறிது நேர மயக்கத்தில் செய்துகொள்ளலாம். அதற்குப் பட்டினியும் கூடுதல் பில்லும் உண்டு.

ஏற்கெனவே ஸ்பெகுலம் வைத்துப் படுத்திருக்கும்போது, பாப் ஸ்மியரோ எச்.பி.வி. பரிசோதனையோ நிலுவையில் இருந்தால் அன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் திறந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது. அந்த வாசலைக் கடந்து தினமும் ஆபீஸ் போகிற பெண்களில் பலர் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை ஒரு முறைகூடச் செய்துகொண்டதில்லை.

அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட லஸ் பக்கச் சாலைகள், கர்ப்பப்பை எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகக் காட்டின. அன்று வயிற்றில் வெந்நீர்ப் பை, மறுநாள் ஆபீஸ். இரண்டு நாள் உறவும் டேம்பானும் கூடாது. தலைக்குக் குளிக்கலாம், படி ஏறலாம். அடுத்த சில நாள் லேசான கசிவு இருந்தது. முதல் முறை போட்டபோது மூன்று மாதத்துக்குமேல் சொட்டுச் சொட்டாக வந்து, நவராத்திரிக்கு யார் வீட்டுக் கொலுவுக்குப் போகலாம், போகக்கூடாது என்று மாமியாரும் நானும் தினசரி பஞ்சாயத்து வைத்தோம். மாற்றும்போது உள்சுவர் ஏற்கெனவே மெலிந்திருப்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறைவு.

காய்ச்சல், குறையாமல் ஏறும் வலி, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மணிக்கொரு பேடு நனைவது, விரலுக்கு நூல் தட்டாமல் போவது, நூலோடு குச்சியின் முனையும் தட்டுப்படுவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். இருபது பேரில் ஒருவருக்குக் காயில் தானாக வெளியே வந்துவிடும், பெரும்பாலும் முதல் சில மாதங்களில். ஆயிரத்தில் ஒருவர், இருவருக்குப் போடும்போது கர்ப்பப்பைச் சுவரைக் குத்திவிடுவதும் உண்டு. நாலு முதல் ஆறு வாரத்தில் ஒரு தடவை காட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

இதெல்லாம் யார் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள் என்பது பழைய கேள்வி. 1965-ல் இந்திய அரசு லிப்பிஸ் லூப் என்ற பிளாஸ்டிக் கருத்தடைச் சாதனத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்து ஊர் ஊராக முகாம் போட்டது. என் பெரியம்மா திருவல்லிக்கேணியில் குடியிருந்தபோது அப்படி ஒரு முகாமில் 'லூப்பு' வைத்துக்கொண்டவள். மூன்று மாதம் ரத்தம் நிற்கவில்லை. வைத்தவர்கள் அடுத்த ஊர் முகாமுக்குப் போய்விட்டிருந்தார்கள். கடைசியில் யாரோ ஒரு நர்ஸம்மா எடுத்துவிட்டாராம். "போட ஆயிரம் பேர் வந்தா, எடுக்க ஒருத்தி கிடைக்கல" என்பாள். லூப் திட்டம் நாடு முழுக்கச் சரிந்ததற்கு, பின்விளைவைக் கவனிக்க ஆளில்லாததும் ஒரு முக்கியக் காரணம். இன்றைய குச்சி வேறு, மருந்து வேறு. கவனிக்க ஆளில்லாதது மட்டும் அதேதான்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவில் இலவசமாகக் கிடைப்பது காப்பர்-டி. ஹார்மோன் காயில் அந்தத் திட்டத்தில் இல்லை. அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்குக் காப்பர்-டி மாற்றாகாது. அது ரத்தத்தைக் கூட்டவும் செய்யும். தனியாரில் காயிலின் விலையே ஆயிரங்களில், அதற்கு மேல் போடும் கட்டணம் தனி. மெடிக்கல் இன்ஷூரன்ஸோ பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் திறக்கும். கர்ப்பப்பையை எடுத்தால் பாலிசி பணம் தரும். அதைக் காப்பாற்றும் குச்சியை ஓ.பி.யில் போட்டால் கைக்காசு. எந்தச் சிகிச்சை 'சௌகரியம்' என்று குடும்பங்கள் முடிவெடுப்பதில் இந்தக் கணக்குக்குப் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

புது அட்டையை வாங்கியதும் முதல் வேலையாகப் போட்டோ எடுத்து, தங்கைக்கும் மகளுக்கும் அனுப்பினேன். நீங்களும் உங்கள் அட்டையைத் தேடி எடுங்கள். ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். உள்நோயாளிகளின் ஆவணங்களையே மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பது 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதி. காயிலுக்கு ஐந்து வருடம்.